எலும்பைப் படித்தால் சோறு கிடைக்குமா?

ஒரு மாதமாக இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். தீர்ப்புச் சொல்வதற்கு முன் படிக்க வேண்டியது நிறைய இருந்தது.

வழக்கு இதுதான். பேரன் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருக்கிறான். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்று ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. என் மகன் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறான். அவனைப் பொறுத்தவரை படிப்பு என்றால் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர். வாசலை விட்டு இறங்கினால் வேலை கிடைக்கும் படிப்புகள் அவை. பையன் தட்டைப் பார்த்தபடியே, "நான் டைனோசர் எலும்பு ஆராய்ச்சிக்குப் போகப் போறேன்" என்றான். மகன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எலும்பைப் படிச்சா சோறு கிடைக்குமாடா?" என்று மட்டும் கேட்டான். பிறகு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் நான். எந்தக் கேள்வி வந்தாலும் "இது பற்றி முன் கோப்பு இருக்கிறதா?" என்று தேடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். மகனின் கேள்வி நியாயமானது. இதுவரை நம் நாட்டில் எலும்பைப் படித்தவர்கள் யார், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் பக்கம் என் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எனவே இந்தத் துறையில் எனக்கு முதலில் அறிமுகமானவர் குவியே. இயற்கை அறிவியல் எடுத்த முசியே கரும்பலகையில் ஒரு தாடை எலும்பை வரைந்துவிட்டு, "இதற்குச் சொந்தக்காரன் யார்?" என்று கேட்பார். பல் கூர்மை என்றால் மாமிசம் தின்னும். மாமிசம் தின்றால் காலில் நகம் இருக்கும். நகம் இருந்தால் குளம்பு இருக்காது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் முறையைச் சொல்லிக் கொடுத்தவர் குவியே என்பார்.

பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் அந்தக் காலத்தில் ஜிப்சம் வெட்டி எடுத்தார்கள். சுவர் பூச்சுக்கான பிளாஸ்டர் அதிலிருந்துதான் வந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்ற பெயரும் அப்படி வந்ததே. 1804-ல் அங்கிருந்து கிடைத்த ஒரு கல்லில் சின்ன விலங்கு ஒன்றின் எலும்புக்கூடு பாதி தெரிந்தது. பல்லைப் பார்த்த குவியே, இது வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் ஒபாஸம் இனம் என்றார். அப்படியென்றால் இடுப்புக்கு முன்னால் இரண்டு தனி எலும்புகள் கல்லுக்குள் மறைந்திருக்க வேண்டும். சாட்சிகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஊசியால் கல்லைச் சுரண்டினார். இரண்டு எலும்புகளும் இருந்தன.

அன்று அதைக் கேட்டுக் கைதட்டினேன். இப்போது திரும்பப் படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. குவியே அந்தக் குன்றை வெட்டவில்லை. வெட்டியவர்கள் வீடு கட்டப் பூச்சு வேண்டும் என்று வெட்டினார்கள். எலும்பு வெளியே வந்தது வேறு ஒரு காரியத்தின் நடுவில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முசியே சொல்லாத ஒரு செய்தி, எங்கள் ஊர் மண்ணைப் பற்றியது. 1840-களில் சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த கேய், கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் புதுச்சேரிக்குப் பக்கத்துப் பாறைகளில் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். சிப்பி, சங்கு வகைகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்தார். மீன்களின் எச்சங்களை சர் ஃபிலிப் எகர்ட்டன் 1845-ல் விவரித்து எழுதினார். அதற்கும் முன்பே, 1828-ல், ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ராணுவ அதிகாரி ஒரு குன்றில் பெரிய எலும்புகளை எடுத்தார். தக்கர்களை ஒடுக்கியதாகச் சரித்திரப் பாடத்தில் வருவாரே, அதே ஸ்லீமன். இந்தியாவில் முதலில் கிடைத்த டைனோசர் எலும்புகள் அவைதான். டைனோசர் என்ற சொல்லே 1842-ல்தான் வந்தது. அதனால் எடுத்தது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது.

ஆக, நம் நாட்டில் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் எல்லோருக்கும் சோறு வேறு இடத்திலிருந்து வந்தது. எலும்பு சம்பளத்துக்கு வெளியே இருந்தது. மகன் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

1851-ல் கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கியது. அரசுக்கு வேண்டியிருந்தது நிலக்கரி. எந்தப் பாறை எந்தக் காலத்தது என்று தெரிந்தால்தான் நிலக்கரி எங்கே இருக்கும் என்று சொல்ல முடியும். காலத்தைச் சொல்பவை புதைபடிவங்கள். இப்படித்தான் இந்தப் படிப்புக்கு மாதச் சம்பளம் வந்தது. கரிக்காக வந்த சம்பளத்தில் எலும்பும் இலையும் பிழைத்தன.

அந்தத் துறையில் 1858-ல் சேர்ந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் எடுத்த கற்கருவி பற்றிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் இப்போது குடியிருக்கும் இந்த வட்டாரத்துக்கும் அவர்தான் முதல் பதிவாளர் என்பது இந்த மூன்று வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டப் பகுதிகளை நடந்து பார்த்து, 1873-ல் அவர் எழுதிய அறிக்கையில் ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. ஊர்ப் பெயரை 'ஸ்ரீபெர்மத்தூர்' என்று அவர்கள் வாயில் நுழைந்தபடி எழுதியிருக்கிறார்கள்.

சமவெளியில் புவியியல்காரனுக்குக் கிணறும் ஓடைக்கரையும்தான் ஜன்னல். வேறெங்கும் பாறை முகம் காட்டாது. அப்படிப் பார்த்ததில், வெளுத்த களிப்பாறை ஏடுகளில் ஈச்ச ஓலை போன்ற இலைகளின் அச்சும், கூடவே கடல் சிப்பிகளும் கிடைத்தன. இலையும் சிப்பியும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது கடலோரம் என்று அர்த்தம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது அந்தக் கடற்கரை. ராமானுஜர் அவதரித்த ஊர் என்றும், ராஜீவ் காந்தி இறந்த ஊர் என்றும், கார் செய்யும் ஊர் என்றும் நாம் சொல்லும் இடத்துக்கு அதற்கும் கீழே ஒரு கடற்கரை இருக்கிறது. இலைகளை ஓட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் என்ற பொஹீமியா நாட்டு அறிஞர் 1879-ல் தனி நூலாக விவரித்தார். இன்றைக்கும் உலகத்தில் எங்கே புவியியல் நூல் எழுதினாலும் 'ஸ்ரீபெரும்புதூர்' என்பது ஒரு பாறை அடுக்கின் பெயர்.

ஃபூட்டின் உத்தியோக வரலாற்றை ஒரு பணிப்பதிவேடு போலப் பார்த்தேன். கோகாக் பக்கத்தில் கிடைத்த காண்டாமிருக எலும்புகளை 1874-ல் அவரே விவரித்து, தக்காணத்தின் பெயரைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். 1880-களில் கர்னூல் மாவட்டத்துப் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டினார். பிறகு ராணுவத்தில் இருந்த அவர் மகன் அந்த வேலையைத் தொடர்ந்தார். 1891-ல் ஓய்வு. நம்மைப் போல் ஈசிசேரில் சாயவில்லை. பரோடா சமஸ்தானம் கூப்பிட்டது; போய் அங்குள்ள நிலவியலை ஆராய்ந்து புத்தகம் எழுதிக் கொடுத்தார். 1894-ல் மைசூர் சமஸ்தானம் புவியியல் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். சமஸ்தானங்களுக்குத் தங்கமும் கனிமமும் எங்கே என்று தெரிய வேண்டும், இவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் ஆலோசகர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வீடு. ஆறுமுக நாவலரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன் இவர் என்பது தமிழர்களுக்குக் கூடுதல் செய்தி.

குகை எலும்புகள் யாரிடம் போயின? ரிச்சர்ட் லைடெக்கர் என்பவரிடம். முதுகெலும்புள்ள பிராணிகளின் தொல்லெச்சங்களை மட்டுமே தொழிலாகக் கொண்டவர் என்று நம் நாட்டுக் கோப்பில் வரும் முதல் பெயர்களில் ஒன்று இவருடையது. 1874-ல் இந்தியத் துறையில் சேர்ந்தார். சிவாலிக் மலை எலும்புகளை வகைப்படுத்தினார். ஸ்லீமன் ஜபல்பூரில் எடுத்த எலும்புகளுக்கு 1877-ல் 'டைட்டானோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தவர் இவர்தான். 1882-ல் வேலையை விட்டு இங்கிலாந்து போய்விட்டார். நான்கு வருடம் கழித்து, 1886-ல், கர்னூல் குகை விலங்குகளைப் பற்றி எழுதியதும் அவரே. காண்டாமிருகம், முள்ளம்பன்றி என்று பட்டியல் நீள்கிறது. பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தின் புதைபடிவ விலங்குகள், ஊர்வன, பறவைகள் அனைத்துக்கும் பத்து தொகுதிகளில் அட்டவணை தயாரித்தார். 1890-களில் அர்ஜென்டினாவின் லா பிளாட்டா மியூசியத்துக்குப் போய் அங்கிருந்த எலும்புகளைப் பார்த்தபோது, ஒன்றை ஜபல்பூர் பிராணியின் உறவு என்று அடையாளம் கண்டு அதே குலப்பெயரைக் கொடுத்தார். ஜபல்பூரும் படகோனியாவும் ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பின் பகுதிகள் என்பது பின்னால் வந்தவர்கள் நிறுவிய விஷயம்.

பத்து தொகுதி அட்டவணை என்று படித்ததும் என் கை தானாக நெற்றிக்குப் போனது. பதிவறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட வேலை என்று. அட்டவணை இல்லாத பொருள் இருந்தும் இல்லாததுதான். இதற்குச் சாட்சி அந்த ஜபல்பூர் எலும்பே. கைக்குக் கை மாறி, எங்கே இருக்கிறதென்று தெரியாமல் பல காலம் போனது. காணாமல் போனது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். 2012-ல் தனஞ்சய் மொஹபேயும் உடனிருந்தவர்களும் தேடியபோது, கல்கத்தாவில் அந்தத் துறையின் சேகரிப்பிலேயே அந்த முதுகெலும்பு இருந்தது. எங்கும் போகவில்லை. சீட்டுத்தான் தவறியிருந்தது.

எல்லாம் வெள்ளைக்காரன் கதையாக இருக்கிறதே என்று பேரன் கேட்டான். அவனுக்காக அரியலூர்ப் பக்கத்தைத் திறந்தேன். 1860-களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு அந்தப் பாறைகளை விவரித்துவிட்டார். 1929-ல் மாட்லி அங்குள்ள ஊர்வன எலும்புகளைப் பற்றி எழுதினார். அந்த வழியில் வந்தவர்கள் புவியியல் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும். 1979-ல் அவர்கள் ஒரு புதைபடிவத்துக்கு 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி' என்று பெயர் வைத்தார்கள். முதுகில் தட்டுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் வகை என்றார்கள். அது டைனோசரே அல்ல, நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வன என்று பின்னால் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். வழக்கு இன்றும் நிலுவையில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய வழக்கு கல்லமேடு. அந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் கிடைத்த எலும்புகளில் ஒரு கணுக்கால் மேல் எலும்பு 2 மீட்டர் நீளம். 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடல் கொண்ட பல்லி என்று பொருள். முதலில் மாமிசம் தின்னும் வகை என்று எழுதினார்கள். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிதான் என்று பிறகு கருத்து மாறியது. அப்படியானால் உலகத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று நம் அரியலூர் மண்ணில் நடந்திருக்கிறது. 100 டன்னுக்கு மேல் எடை என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு.

ஆனால் எலும்பு இல்லை. அந்த மண்ணின் ஈரமும் வெயிலும் எலும்பைப் பொறபொறப்பாக்கிவிடும். எடுத்துக் கட்டிய கட்டுக்குள்ளேயே உதிர்ந்துபோனது. அறிக்கையில் கோட்டுப் படங்கள் மட்டும் இருந்தன. அதனால், "அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம்" என்று வெளிநாட்டில் சந்தேகம் எழுப்பினார்கள். 2022-ல்தான் அன்று எடுத்த புகைப்படங்களைச் சேர்த்து அய்யாசாமியும் பால் என்ற ஆய்வாளரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்புதான் என்று பலர் ஒப்புக்கொண்டது அதன்பிறகு.

என் உத்தியோக பாஷையில் இதை 'இணைப்பு இல்லாத கடிதம்' என்போம். கடிதத்தில் எல்லாம் சரியாக எழுதியிருக்கும். இணைப்பைக் காணோம் என்றால் மேலதிகாரி நம்ப மாட்டார். அந்த இரண்டு பேரும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். மழைக்கு முன்னால் பிளாஸ்டரும் பசையும் நான்கு கைகளும் கூடுதலாக இருந்திருந்தால் உலகச் சரித்திரத்தில் அரியலூரின் இடம் வேறாக இருந்திருக்கும்.

இதுவரை ஆராய்ச்சி. ஆலோசகர் வேலை என்று பேரன் சொன்னானே, அது என்ன? அவன் கம்ப்யூட்டரில் காட்டினான். அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், இது ஒரு முழுத் தொழில். 1970-ல் அங்கே வந்த சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, பெரிய கட்டுமானத்துக்கு அனுமதி கேட்கும்போது புதைபடிவங்களுக்கு என்ன ஆகும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டுபவர் ஒரு தொல்லுயிர் ஆய்வாளரைக் கூலிக்கு அமர்த்துகிறார். அவர் முதலில் நிலவியல் வரைபடத்தை வைத்து, இந்த இடத்தில் எலும்பு வர வாய்ப்பு அதிகமா, குறைவா என்று எழுதிக் கொடுப்பார். அதிகம் என்றால், பொக்லைன் மண் அள்ளும் நாளெல்லாம் தலையில் ஹெல்மெட்டோடு பள்ளத்தின் ஓரத்தில் நிற்பார். ஏதாவது தெரிந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் வேலையை நிறுத்தி, இடம், ஆழம், திசை குறித்து, படம் எடுத்து, பிளாஸ்டர் கட்டுப் போட்டு எடுப்பார். மண்ணைச் சலித்துச் சின்னப் பற்களைக்கூடப் பொறுக்குவார். பிறகு மியூசியத்தில் ஒப்படைத்து அறிக்கை தருவார். இதற்கான நடைமுறை விதிகளை முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் 2010-ல் அச்சிட்டிருக்கிறது.

நடந்த ஒரு சம்பவம் சொல்கிறேன். 2006-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கலைக் கூடத்துக்காகப் பூமிக்கடியில் கார் நிறுத்துமிடம் தோண்டினார்கள். பக்கத்திலேயே லா பிரேயா தார்க்குட்டைகள். எலும்புகள் கும்பல் கும்பலாக வந்தன. கட்டடத்தை நிறுத்திவைக்க முடியாது. எலும்பையும் விட முடியாது. மண்ணோடு மண்ணாகப் பெயர்த்து 23 பெரிய மரப்பெட்டிகளில் அடைத்து ஓரமாக வைத்தார்கள். கார் நிறுத்துமிடம் கட்டப்பட்டது. பெட்டிகளை ஆண்டுக்கணக்கில் நிதானமாகப் பிரித்தார்கள். கிட்டத்தட்ட முழுமையான மாமத யானை ஒன்றும் அந்த இடத்தில் கிடைத்தது.

மகன் இதைக் கவனமாகக் கேட்டான். "இது எங்க தரக்கட்டுப்பாடு மாதிரிதான் இருக்குப்பா. லைனை நிறுத்தாம சந்தேகமான பீஸை மட்டும் ஒதுக்கி வைக்கிறது" என்றான். எனக்குத் தோன்றாத ஒப்புமை.

இனி நம் ஊர். கடந்த முப்பது ஆண்டுகளில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை, வண்டலூர் – வாலாஜாபாத் சாலை நெடுக, எத்தனை அஸ்திவாரம், எத்தனை குழாய்ப் பள்ளம், எத்தனை லாரி மண்! ஃபூட்டுக்குக் கிடைத்தவை சில கிணறுகளும் ஓடைகளும். நமக்குக் கிடைத்தவை ஆயிரக்கணக்கான ஜன்னல்கள். ஒவ்வொன்றும் சில நாள் திறந்திருந்து கான்கிரீட்டால் மூடிக்கொண்டது. அந்த நேரத்தில் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் நமக்கு இல்லை. திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களைத் தேசியப் புவியியல் சின்னங்களாக அறிவித்திருக்கிறார்கள், வேலி போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்ததற்குத்தான் வேலி. 2022 டிசம்பரில் புவிப் பாரம்பரியச் சின்னங்களுக்கான ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. நாளைக்குத் தெரியவரப்போவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்ற யோசனை ஊருக்குள் இன்னும் வரவில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஒரு உறுத்தல். அதைச் சொல்லாமல் முடித்தால் மற்றவரை மட்டும் குறை சொன்னவனாவேன்.

1980-களில் காஞ்சிபுரத்தில் ஒரு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்திருந்தது. கையில் யாரையோ பிடித்து எழுதி வாங்கிய மனுவும், துண்டில் முடிந்த ஒரு பொட்டலமும். அவிழ்த்தார். வெளுப்பான களிக்கல் ஏடு இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று புத்தகம் மாதிரி பொருந்தியது. பிரித்தால் உள்ளே ஒரு ஓலையின் அச்சு, நரம்பு நரம்பாக.

"கிணறு வெட்டுறப்ப முப்பது அடியில வந்துது சார். சாமி காரியமா, சர்க்கார் காரியமான்னு தெரியல. சர்க்கார்கிட்ட காட்டிடலாம்னு வந்தேன்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். பதிவேட்டில் ஏற்றினேன். மேஜைக்கு மேஜை போயிற்று. "இது நம்ம சப்ஜெக்ட் இல்லையே" என்றார்கள். மூன்றாம் நாள் என் கையாலேயே எழுதினேன்: இப்பொருள் இவ்வலுவலகம் சார்ந்தது அல்ல; மனுதாரருக்குத் திருப்பி அளிக்கலாம்; மேல் நடவடிக்கை தேவையில்லை. கீழே சுருக்கொப்பம். பெரியவர் திரும்ப வந்தபோது பொட்டலத்தைக் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்கினேன். கட்டைவிரல் ரேகை வைத்தார். "அப்ப இதை எங்க சார் குடுக்கணும்?" என்று கேட்டார். "தெரியலைங்க பெரியவரே" என்றேன்.

தெரியவில்லை என்பது உண்மை. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதும் உண்மை. புவியியல் துறைக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருந்தது. பதினைந்து காசுக் கார்டு ஒன்று போட்டிருந்தால் போதும். குவியே கதைக்குக் கைதட்டிய பையன்தான் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தான். கல்லைப் பிரித்துப் பார்த்தபோது அவனுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரவில்லை. சப்ஜெக்ட் லிஸ்ட்தான் ஞாபகம் வந்தது. அது எலும்பு அல்ல, இலை. அந்த இலை ஃபைஸ்ட்மான்டலின் பட்டியலில் ஏற்கெனவே இருந்ததாகவும் இருக்கலாம். புதியதாகவும் இருக்கலாம். பார்க்கத் தெரிந்தவர் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கிராமத்துப் பக்கம் இன்று போனால் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் முற்றங்களும் கிடங்குகளும்தான். கிணறு எங்கே இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

தீர்ப்புக்கு வருகிறேன். மகனிடம் கணக்கைப் பிரித்தே சொன்னேன். சோறு கிடைக்கும், ஆனால் பந்தி சின்னது. புவியியலில் பட்டப்படிப்பு, மேற்படிப்பு முடிக்க வேண்டும். சென்னையிலேயே மாநிலக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு இருக்கிறது. பிறகு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவியியலாளர் தேர்வு, புவியியல் துறை வேலை. அல்லது முனைவர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்திலோ லக்னோவில் பீர்பால் சாஹ்னி நிறுவனம் போன்ற இடத்திலோ ஆராய்ச்சி. தொல்லுயிர் படித்தவனுக்கு இங்கே கம்பெனி வேலை என்றால் பெரும்பாலும் எண்ணெய் தேடும் நிறுவனங்கள்தான்; கடலடிப் பாறையில் கடுகைவிடச் சின்னக் கிளிஞ்சல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் காலம் சொல்லும் வேலை. பள்ளத்தின் ஓரத்தில் நின்று எலும்பு பார்க்கும் ஆலோசகர் பதவி நம் ஊரில் இன்னும் உருவாகவில்லை. எலும்பு கிடைக்காத வருடங்கள் வரும். கிடைத்தது கையில் உதிரும் நாளும் வரும்.

பேரனிடம் சொன்னது இது: "உனக்கு முன்னாடி இதைச் செஞ்சவங்க யாரும் எலும்பை மட்டும் படிக்கலடா. சர்வே படிச்சாங்க, வரைபடம் போட்டாங்க, பட்டியல் எழுதினாங்க. உனக்கு அதுல சலிப்பு வரும்னா இப்பவே சொல்லிடு." கணிதம், அறிவியல் குரூப்பே எடுப்பது, பட்டப்படிப்பை அப்போது பார்ப்பது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது. வழக்கு தள்ளுபடி ஆகவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

போன ஞாயிறு எங்கள் தெருமுனையில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பேரன் அங்கே நின்றான். அளவுக்கு ஒரு பேனாவை மண்ணின் மேல் வைத்துப் படம் எடுத்தான். வீட்டுக்கு வந்ததும் ஒரு நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தேன்: வரிசை எண், தேதி, இடம், ஆழம், மண்ணின் தன்மை, கண்டது, குறிப்பு. முதல் வரியை அவனே எழுதினான். ஆழம் 4 அடி. சிவந்த களிமண், சரளைக்கல். கண்டது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுது. அதுக்கு எங்க ஆபீஸ்ல இன்மை அறிக்கைன்னு பேரு. அதையும் தேதி போட்டு அனுப்பியே ஆகணும்" என்றேன்.

எழுதினான்.